காரின் பிழைக் கோடு ‘குளிர்’ என்கிறது, முள் ‘சூடு’ என்கிறது: எதை நம்புவது?

ஈசூன்_குமரன்:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இந்தக் கார் என் மண்டையைக் காய வைக்கிறது, ஒர்க்‌ஷாப்காரர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு பர்ஸும் காய்ந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் 2015 மாடல் ஜப்பான் செடான், 1.6 லிட்டர், 168,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்று) 5 வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டலாம் என்று முடிவெடுத்தேன், அது கேட்டுவிட்டது போல, அடுத்த மாதமே தொல்லை ஆரம்பம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜொகூர் பாரு (ஜேபி) போகிறோம், உட்லண்ட்ஸில் கடற்பாலத்துக்கு முன்னால் வழக்கமான ஜாம். முதலில் ஏர்கான் காற்று வெதுவெதுப்பாக வந்தது. பின்சீட்டில் அம்மா “என்னப்பா புழுங்குது” என்றார். அப்புறம்தான் பார்க்கிறேன், என்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஏர்கானை அணைத்து, கண்ணாடியை இறக்கினேன், வரிசை கொஞ்சம் நகர்ந்ததும் முள் தானாக இறங்கிவிட்டது.

திரும்பி வந்து வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். “கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுக்கு, ஃபிளஷ் பண்ணி தெர்மோஸ்டாட்டையும் பார்த்துவிட்டோம்” என்று 180 வெள்ளி வாங்கினார்கள். பத்து நாளில் செக் என்ஜின் விளக்கு. மெஷின் வைத்துப் பார்த்தால் பிழைக் குறியீடு, அதாவது கோடு, பி0128. சென்சர் போய்விட்டது என்று கூலன்ட் சென்சரை மாற்றினார்கள், 140 வெள்ளி. மூன்றே நாள், விளக்கு மறுபடியும் எரிகிறது. இப்போது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், எல்லாம் சேர்த்து முழு செட்டாக மாற்ற வேண்டும், 1,150 வெள்ளி ஆகும் என்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். பி0128 என்று தேடிப் பார்த்தால் “கூலன்ட் போதுமான சூட்டுக்கு வரவில்லை” என்று போட்டிருக்கிறது. ஆனால் போன சனிக்கிழமை ஜாமில் முள் மறுபடியும் மேலே போனது. ஒன்று குளிர் என்கிறது, இன்னொன்று சூடு என்கிறது. இரண்டில் எது பொய்? பெட்ரோலும் கூடக் குடிக்கிறது, முழு டாங்கில் 520 ஓடியது இப்போது 430 வந்தாலே பெரிது. நிறுத்துகிற இடத்தில் தரையில் சொட்டு எதுவும் இல்லை.

டர்போ_தம்பி:

ப்ரோ, போலி சென்சர் போட்டிருப்பான். ஒரிஜினல் வாங்கி நீங்களே மாட்டுங்கள், யூடியூப் பார்த்தால் பத்து நிமிட வேலை. இன்னொன்று, கூலன்ட் ஃபிளஷ் எல்லாம் பணம் பிடுங்குகிற வேலை. சிங்கப்பூரில் என்ன பனியா பெய்கிறது, உறைந்துபோக? நான் மூன்று வருடமாகப் பைப் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய_ஸ்பேனர்:

குமரன், 1,150 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டில் எதுவும் பொய் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சின் மிங் பக்கம் 26 வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான், இப்போது ஓய்வு. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி, “தெர்மோஸ்டாட்டையும் பார்த்துவிட்டோம்”. பார்த்தார்களா, கழற்றினார்களா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பக்கம் இது பழைய வியாதி. கார் சூடாகிறது என்று வந்தால் சிலர் தெர்மோஸ்டாட்டை எடுத்து வீசிவிட்டு, வெறும் கேஸ்கெட் வளையத்தை வைத்து மூடிவிடுவார்கள். வெயில் நாட்டுக்கு அது தேவையில்லையாம். கார்புரேட்டர் காலத்தில் அப்படி ஓட்டியும் தப்பித்தோம், கம்ப்யூட்டர் வைத்த என்ஜினில் அது நடக்காது.

உங்கள் காரைப் போன்றவற்றில் தெர்மோஸ்டாட் 80 முதல் 84 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும், 95 வாக்கில் முழுதாகத் திறக்கும். அதுவரை தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டருக்குப் போகாது. அதைக் கழற்றிவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் வழியாக ஓடும். பிஐஇ விரைவுச்சாலையில் 80, 90 வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது என்ஜின் 65, 70க்கு மேல் ஏறவே ஏறாது. கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும், உள்ளே வருகிற காற்றின் சூடு இவ்வளவு, இவ்வளவு நேரம் ஓடியாயிற்று, இந்நேரம் 75ஆவது வந்திருக்க வேண்டும் என்று. வரவில்லை என்றால் பி0128. என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட ஊற்றும், உங்கள் 90 கிலோமீட்டர் அங்கேதான் போகிறது.

சரி, ஜாமில் ஏன் சூடாகிறது? ஓடாத காருக்குக் காற்று கொடுப்பது ஃபேன் மட்டும்தான். முதலில் ஏர்கான் வெதுவெதுப்பானது, அப்புறம்தான் முள் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிசை முக்கியம். ஏர்கானின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாலேயே நிற்கிறது. ஃபேன் வேலை செய்யாவிட்டால் முதலில் அதுதான் அழும். ஆக, முதல் நாளிலிருந்தே உங்கள் வியாதி ஃபேன் பக்கம் என்பது என் சந்தேகம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது அதன்மேல் ஏற்றி வைத்த இரண்டாவது வியாதி. இதில் ஒரு கூத்து என்னவென்றால், சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பாகம் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். குளிர்விக்கக் கழற்றியது, ஜாமில் சூட்டைக் கூட்டிவிடும்.

கழற்றிய பழைய சென்சர் கையில் இருந்தால் வீசாதீர்கள்.

தம்பி டர்போ, பைப் தண்ணீர் பற்றி அப்புறம் வருகிறேன்.

பிடோக்_அக்கா:

ஸ்பேனர் அண்ணன் சொல்வதைச் சோதிக்க ஒர்க்‌ஷாப் வேண்டாம், குமரன். ஸ்டியரிங்குக்குக் கீழே கார்க் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி பிளக் இருக்கும், அதில் மாட்டுகிற புளூடூத் குட்டி, இஎல்எம்327 என்று போட்டிருக்கும், ஆன்லைனில் 20 வெள்ளிக்குள் கிடைக்கிறது. கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கூலன்ட் சூட்டையும் உள்ளே போகிற காற்றின் சூட்டையும் திரையில் வையுங்கள். வாங்கும்போது உங்கள் கைப்பேசிக்கு ஒத்துவருமா என்று பாருங்கள், ஐபோனுக்கு எல்லாக் குட்டியும் பேசாது.

முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் 75லிருந்து 105 வரை முள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்படிதான் செய்து வைத்திருக்கிறார்கள். சும்மா ஆடினால் நாம் பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவோமாம். அது நடுவைத் தாண்டுகிறது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த காரில், காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சென்சர் குளிர்ந்த நிலையில் ஒழுங்காகப் பேசுகிறது. மைனஸ் 40 என்று வந்தால் வயரோ பிளக்கோ விட்டிருக்கிறது.

தயவுசெய்து சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை ஜேபி பெட்ரோல் நிலையத்தில் துண்டைச் சுற்றித் திறந்தேன். மூடியில் 1.1 என்று எழுதியிருக்கிறதே, அந்த அழுத்தம்தான் 120 டிகிரியிலும் தண்ணீரைக் கொதிக்க விடாமல் பிடித்து வைக்கிறது. திறந்த நொடியில் பிடி விட்டுப்போய் எல்லாமே ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், வலது கையில் முழங்கை வரை தோல் உரிந்தது. இப்போதும் அந்த இடம் மட்டும் நிறம் வேறாக இருக்கும்.

ஈசூன்_குமரன்:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. குட்டி வந்தது, நான்கு நாளாக எழுதி வைத்தேன்.

காலை ஆறு மணி, சாவி மட்டும் ஆன்: கூலன்ட் 29, காற்று 30. ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடத்தில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டேன், அப்போதே வெதுவெதுப்பு. திரையில் 44தான். சிலேத்தாரிலிருந்து துவாஸ் வரை விரைவுச்சாலையில் போனபோது 64லிருந்து 68க்குள் நின்றது, 70ஐத் தொடவே இல்லை. முள்ளும் வழக்கத்தைவிட ஒரு கோடு கீழே இருந்தது, இவ்வளவு நாள் நான் கவனித்ததே இல்லை. சாயங்காலம் உட்லண்ட்ஸ் வரிசையில் 88, 96, 103. 107 வந்ததும் பயந்து ஏர்கானை அணைத்துவிட்டேன்.

பழைய சென்சர் டாஷ்போர்டு அறையில் கிடந்தது. என்ன செய்வது அண்ணே?

பழைய_ஸ்பேனர்:

எண்கள் பேசிவிட்டன. 44லேயே ஹோஸ் சூடு என்றால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, இருந்தால் திறந்தபடி சிக்கிக் கிடக்கிறது.

சென்சருக்கு வேலை இருக்கிறது. மல்ட்டிமீட்டர் இருந்தால் அதன் இரண்டு கம்பியிலும் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்க வேண்டும். அறைச் சூட்டில் இரண்டாயிரத்தைச் சுற்றி இருக்கும், 80 டிகிரித் தண்ணீரில் 300 சொச்சம். கோப்பிக் குவளையில் ஃபிளாஸ்க் தண்ணீர் ஊற்றி, முனையை மட்டும் முக்குங்கள், பிளக் பக்கம் நனையக் கூடாது. எண் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்தச் சென்சர் நல்ல சென்சர், 140 வெள்ளி தண்டம்.

அடுத்து ஃபேன். உங்கள் மாதிரியில் இரண்டு ஃபேன் இருக்கும் என்று நினைக்கிறேன். என்ஜினை ஓடவிட்டு ஏர்கானை முழுதாகப் போடுங்கள், இரண்டும் சுற்ற வேண்டும். ஒன்று நின்றால், அந்த ஃபேனுக்குப் போகிற பிளக்கை உருவி வயர் பக்கம் வோல்ட் பாருங்கள். 12க்கு மேல் வந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் மோட்டார் செத்துவிட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், வயர் என்று பின்னால் போக வேண்டும். இன்னொரு சோதனை, சாவி ஆனில் கூலன்ட் சென்சர் பிளக்கை உருவினால் பல ஜப்பான் கார்களில் ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடும். சூடு எவ்வளவு என்று தெரியாமல் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஓடவிடும். அதற்கு பி0118 என்று ஒரு கோடு பதிவாகும், குட்டியிலேயே அழித்துவிடலாம். கை, சட்டை, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது, சில கார்களில் என்ஜினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றும்.

ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற சீல்) போய்விட்டதோ என்ற பயத்தையும் இதோடு தீர்த்துவிடலாம். ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், எண்ணெய் மிதக்கிறதா, ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழ் வருகிறதா, கூலன்ட் டப்பாவில் அளவு வாரா வாரம் குறைகிறதா. எதுவும் இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

பிடோக்_அக்கா:

புளோக் கீழே கார்ப் பார்க்கில் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள் குமரன். நிறுத்திய காரில் என்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் வரும். “ஸ்பேனர் அண்ணன் சொன்னார்” என்றால் அதிகாரி விட மாட்டார்.

நடுவழியில் விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், ஈமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்புச் சேவை) வண்டி வந்து பக்கத்துக் கார்ப் பார்க் வரை இலவசமாக இழுத்துக்கொண்டு போய் விடும். அதற்கு மேல் உங்கள் இன்சூரன்ஸ் பாடு. சூடான என்ஜினை “இன்னும் இரண்டு எக்ஸிட்தானே” என்று ஓட்டிப் போகாதீர்கள், அலுமினியத் தலை வளைந்தால் 1,150 எல்லாம் சில்லறை.

ஈசூன்_குமரன்:

சிரித்துவிட்டேன் அக்கா. சிநேகிதர் ஒருவர் காக்கி புக்கிட்டில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், அவர் இடத்திலேயே பார்த்தோம்.

முதலில் சென்சர், இது வீட்டில். சிம் லிம் டவரில் எப்போதோ வாங்கிய மீட்டர். சும்மா வைத்தபோது 1,710 ஓம்ஸ். சுடுதண்ணீரில் முக்கினேன், 900, 600, 400 என்று இறங்கி 320ல் நின்றது, பால் தெர்மாமீட்டர் 79 காட்டியது. மகள் பக்கத்தில் நின்று “அப்பா, சென்சருக்கு ஜுரமா” என்று கேட்கிறாள். சென்சருக்கு ஒன்றுமில்லை, கழற்றியவருக்குத்தான்.

அப்புறம் ஃபேன். ஏர்கான் போட்டதும் ஓட்டுநர் பக்கத்து ஃபேன் சுற்றியது. மற்றது அசையவே இல்லை, அதன் இறக்கைக்குள் காய்ந்த அங்சானா இலை ஒன்று சொருகி அப்படியே இருக்கிறது. ஒரு தடவை சுற்றியிருந்தாலும் அந்த இலை பறந்திருக்கும், எத்தனை மாதமாக நின்று கிடக்கிறதோ. பிளக்கை உருவிப் பார்த்தால் 13.8 வோல்ட் வருகிறது. சிநேகிதர் பிளக்கைத் திரும்ப மாட்டி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டார் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், திடீரென்று சுற்றியது, அணைத்துப் போட்டால் மறுபடி நின்றுவிட்டது. உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது என்றார்.

கடைசியாகத் தெர்மோஸ்டாட் உட்காருகிற கூட்டைத் திறந்தோம். அண்ணே, நீங்கள் சொன்னதேதான். காலி. ரப்பர் கேஸ்கெட் மட்டும் புதுசாகப் பளபளவென்று இருக்கிறது.

தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 390 வெள்ளி. பம்பில் கசிவுத் தடம் இல்லை, ரேடியேட்டரும் நன்றாக இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டார். கோட்டை அழித்துப் பத்து நாள் ஆயிற்று, விளக்கு வரவில்லை. விரைவுச்சாலையில் 84லிருந்து 88. நேற்றுக் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன், 96 வரை ஏறும், ஃபேன் சத்தம் கேட்கும், 91க்கு இறங்கும், மறுபடி ஏறும். அம்மா பின்னால் குறட்டை விட்டார்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டுத் தெர்மோஸ்டாட் எங்கே என்று கேட்டேன். “இந்த ஊருக்கு அது எதுக்கு சார்” என்றார். சென்சர் காசைத் திரும்பக் கேட்டிருக்கிறேன், “பாஸ் வரட்டும்” என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

பழைய_ஸ்பேனர்:

நல்லது. பழைய சென்சரைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள், புதுசு மலிவு ரகமாக இருந்தால் அதுதான் கை கொடுக்கும்.

இப்போது டர்போ தம்பிக்கு. பனிக்காக மட்டும் கூலன்ட் ஊற்றுவதில்லை தம்பி. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1 பார் மூடி போட்ட ரேடியேட்டரில் 129 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், வெறும் தண்ணீர் 120லேயே கொதித்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் துரு. அலுமினியம், இரும்பு, சாலிடர் எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது, அதை அரிக்காமல் காப்பது கூலன்ட்டில் உள்ள மருந்து, பம்ப் சீலுக்கு வழவழப்பும் அதுதான். அவசரத்துக்குப் பைப் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, மூன்று வருடம் ஓட்டுவது வேறு. நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், காரின் கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள்.

டர்போ_தம்பி:

அண்ணே, சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்து இப்போதுதான் கீழே போய் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தே ஓ (பால் இல்லாத டீ) கலரில் இருக்கிறது. விரலை விட்டால் மண் மாதிரி ஏதோ ஒட்டுகிறது.

பழைய_ஸ்பேனர்:

என்ஜின் ஆறியிருந்ததா, அதை முதலில் சொல்லுங்கள்.

டர்போ_தம்பி:

ஆறியிருந்தது அண்ணே, அக்கா கதையைப் படித்த பிறகு யார் சூட்டில் திறப்பார்கள். குமரன் ப்ரோ, உங்கள் காக்கி புக்கிட் சிநேகிதர் சனிக்கிழமை திறந்திருப்பாரா?